பெயர்ப்பலகையும் பொறுப்பும்: ஆரியசாலையிலிருந்து மின்னேற்று நிலையங்களின் வரலாறு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குச் சாலை என்றே பெயர். அதன் போக்கில் அமைந்தது ஆரியசாலை, அருகில் வலியசாலை. இன்றைய தமிழில் சாலை என்றால் வாகனம் ஓடும் வழி. பழைய கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் அச்சொல் கற்போரைத் தங்கவைத்து உணவளித்துப் பயிற்றுவித்த நிறுவனத்தைக் குறித்தது. புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை எங்கிருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதை வலியசாலைப் பகுதியோடு இணைத்துக் காண்போர் பலர். நிறுவனம் மறைந்தது, பெயர் நின்றது, பின்னர் பெயரின் பொருளும் மாறியது.

ஒரு நிறுவனத்தின் பெயர் என்ன உறுதியளிக்கிறது, அந்த உறுதிக்கு யார் பொறுப்பு என்ற வினாவைப் பழங்காலத்தவர் எப்படிக் கையாண்டனர் என்பதற்கு இப்பகுதியை ஒட்டியே ஒரு சான்று உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டளவில் பார்த்திவசேகரபுரத்தில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு சாலையை நிறுவினான். அதற்குரிய செப்பேடு, அச்சாலை காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி அமைய வேண்டும் என்று வரையறுக்கிறது. மாணாக்கர் இடங்கள் 95. அவற்றுள் பவிழியப் பிரிவுக்கு 45, தைத்திரீயத்துக்கு 36, தலவகாரத்துக்கு 14. ஒழுங்கு விதிகளும் உண்டு. இன்றைய சொற்களில் கூறினால், அச்செப்பேட்டில் மூன்று செய்திகள் உள்ளன: எந்தத் தரத்தைப் பின்பற்றுவது, எவ்வளவு வழங்குவது, தவறினால் என்ன செய்வது. சாலை என்ற பெயரை மட்டும் பொறித்துவிட்டு எவரும் அமைதி கொள்ளவில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், நகரத் தெருக்களில் புதிய பெயர் ஒன்று தோன்றியிருக்கிறது: மின்னேற்று நிலையம், அல்லது பேச்சுவழக்கில் சார்ஜிங் ஸ்டேஷன். அதன் பலகையிலும் எழுத்துகளும் எண்களும் உள்ளன. அவை மேற்கூறிய மூன்றில் முதலாவதை ஓரளவு சொல்கின்றன. இரண்டாவதை அரைகுறையாகச் சொல்கின்றன. மூன்றாவதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இக்குறை எவ்வாறு உருவானது என்பதற்குக் குறுகிய, ஆனால் தெளிவான வரலாறு உண்டு.

முதலில் கடைத்தெருவின் பழைய அனுபவத்தைக் காண்பது பயன் தரும். சாலைக் கடைத்தெரு 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கார்த்திகைத் திருநாள் மன்னரின் காலத்தில் திவான் ராஜா கேசவதாசால் உருவாக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த வணிகர்களும் மலையாள வணிகர்களும் அடுத்தடுத்துக் கடை வைத்த இடம். துலாம், பலம், பறை, இடங்கழி, நாழி என அளவைப் பெயர்கள் வழங்கின. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு அளவைக் குறிப்பது அக்காலத்தில் பொதுவான நிலை. பெயர் பொதுவானது, பெயருக்குள் இருந்த அளவு பொதுவானதன்று. இந்திய அரசு 1956இல் எடையளவுத் தரச் சட்டத்தை இயற்றிப் படிப்படியாக மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது இக்குழப்பத்தைத் தீர்க்கவே.

அச்சட்டத்தின் வலிமை கிலோ என்ற புதிய சொல்லில் மட்டும் இருக்கவில்லை. எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்க வேண்டும். அம்முத்திரை காலம் கடந்தால் செல்லாது. இன்றைய சட்டமுறை எடையளவு விதிகளின்படி எடைக்கற்களை 24 மாதங்களுக்கு ஒருமுறையும் மின்னணுத் தராசுகளை 12 மாதங்களுக்கு ஒருமுறையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் வாடிக்கையாளருக்கு ஐயம் எழுந்தால் 5 லிட்டர் அளவுகலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். வாங்குபவர் தராசின் பொறியியலை அறிய வேண்டியதில்லை. முத்திரையின் ஆண்டைப் பார்த்தால் போதும். தனக்குத் தெரியாத ஒன்றைத் தன் சார்பில் ஒருவர் அண்மையில் சோதித்திருக்கிறார் என்பதே அம்முத்திரை தரும் செய்தி.

மின்சாரம் இந்நகருக்கு வந்தபோதும் அதே பாதையே பின்பற்றப்பட்டது. திருவனந்தபுரம் நகர் 1929இல் அனல்மின் நிலையத்தின் துணையுடன் மின்சாரம் பெற்றது. தம்பானூருக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியில் பவர் ஹவுஸ் ரோடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆரியசாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவு அது. பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940இல் இயங்கத் தொடங்கியது. 1957இல் கேரள மாநில மின்வாரியம் உருவானது.

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாத பண்டம். ஆதலால் அதைப் பற்றிய எழுத்துக்குச் சட்டம் தொடக்கம் முதலே தனி இடம் தந்தது. பிரித்தானிய இந்தியாவின் 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், மீட்டர் சரியாக ஓடுகிறதா என்ற பூசல் எழுந்தால் அதைத் தீர்க்கும் பொறுப்பை மின் ஆய்வாளரிடம் ஒப்படைத்தது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேற்பட்ட நிறுவல்களில் மண்டையோடும் எலும்புகளும் வரைந்த அபாயப் பலகையை நிலையாகப் பொருத்த வேண்டும் என்றன. அப்பலகை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருப்பதோடு அம்மாவட்டத்தின் மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் விதித்தன. எழுத்தறியாதவருக்குப் படம், எழுத்தறிந்தவருக்கு அவரது மொழி, நிறுவலின் உரிமையாளருக்குக் கடமை. ஒரு பலகையின் வாசகர் யார் என்று சட்டம் எண்ணிப் பார்த்ததன் அடையாளம் அது.

மின்வாகனங்களின் மின்னேற்றிகளுக்குப் பெயரிட்டோர் எண்ணிய வாசகர் வேறு. 2017இல் இந்தியாவில் பொது மின்னேற்றிகளுக்கான தரத்தை வகுத்த குழு இரண்டு பெயர்களை அளித்தது: பாரத் ஏசி-001, பாரத் டிசி-001. முதலாவது மாற்றுமின்னோட்டத்தை மூன்று இணைப்புகளில் தலா 3.3 கிலோவாட் வீதம் ஏறத்தாழ 10 கிலோவாட் வரை வழங்குவது. இரண்டாவது 15 கிலோவாட் அளவில், 48 அல்லது 72 வோல்ட் மின்கலங்களுக்கு நேர்மின்னோட்டம் வழங்குவது. அதே ஆண்டில் அரசு நிறுவனமான இஇஎஸ்எல் 10,000 மின்கார்களை வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. அவ்வகையில் வந்த மகிந்திரா இ-வெரிட்டோ, டாடா டிகோர் போன்ற கார்களுக்குக் குறைந்த வோல்ட் மின்கலங்களே இருந்தன. பெயரும் பொருளும் அப்போது பொருந்தின.

பொருத்தம் நீடிக்கவில்லை. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்கார் விற்பனைக்கு வந்தது. அதன் மின்கலம் 300 வோல்ட்டுக்கு மேற்பட்டது. விரைவு மின்னேற்றத்துக்கு அது ஐரோப்பிய வழக்கான சிசிஎஸ்-2 இணைப்பானைக் கொண்டிருந்தது. பின்னர் வந்த கார்களில் பெரும்பாலானவை அதே வழியில் சென்றன. இதற்குள் நாட்டின் பல இடங்களில் பாரத் டிசி-001 கருவிகள் நடப்பட்டிருந்தன. அவற்றில் கோளாறு ஏதுமில்லை, மின்சாரமும் வந்தது. புதிய காரின் உரிமையாளருக்கு மட்டும் அவற்றால் பயனில்லை. பலகையில் நேர்மின்னோட்ட மின்னேற்றி என்று எழுதியிருந்தது உண்மையே. அந்த உண்மை தம் காருக்குப் பொருந்துமா என்பதை அறிய வோல்ட் வேண்டும், இணைப்பானின் வடிவம் வேண்டும். டிசி-001 என்ற பெயரில் இரண்டும் இல்லை.

அரசின் வழிகாட்டுதல்களும் இத்தடுமாற்றத்தைப் பதிவு செய்கின்றன. மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பர் 14 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பொது நிலையம் ஒவ்வொன்றும் ஐந்து வகை மின்னேற்றிகளைக் கொண்டிருக்க வேண்டும் என்றன: 50 கிலோவாட் சிசிஎஸ், 50 கிலோவாட் சாடெமோ, 22 கிலோவாட் டைப் 2, பாரத் டிசி-001, பாரத் ஏசி-001. இவ்விதியின்படி நிலையம் என்ற பெயரே உறுதிமொழியாக இருந்திருக்கும். எந்த வண்டி வந்தாலும் ஏதேனும் ஒன்று பொருந்தும். ஆனால் செலவு மிகுதி. சாடெமோ இணைப்பானைக் கொண்ட கார்கள் இந்தியாவில் மிகச் சொற்பம். 2019 அக்டோபர் 1 அன்று வந்த திருத்தம், எந்த வகையைப் பொருத்துவது என்ற தெரிவை நிலையம் நடத்துவோரிடமே விட்டது. பொருளாதார நோக்கில் அது நியாயமான முடிவு. ஆயினும் அந்நாள் முதல் நிலையம் என்ற பொதுப்பெயர் எதையும் உறுதி செய்யாத பெயராயிற்று. சுமை முழுவதும் பலகையின் சிறிய எழுத்துகளுக்கு மாறியது. பலகை எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கோ அதே அளவு கவனம் கிடைக்கவில்லை.

எண்களிலும் இதே சிக்கல் உண்டு. 2018 வழிகாட்டுதல்களின் அட்டவணையில் 22 கிலோவாட் டைப் 2 மின்னேற்றி விரைவு வகையில் இடம்பெற்றது. டைப் 2 வழங்குவது மாற்றுமின்னோட்டம். அதை நேர்மின்னோட்டமாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. தொடக்கக்கால நெக்ஸானில் அக்கருவியின் திறன் 3.3 கிலோவாட் மட்டுமே. 30.2 கிலோவாட்-மணி மின்கலத்தை 22 கிலோவாட்டில் நிரப்ப ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும், 3.3 கிலோவாட்டில் ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும். பலகையில் இருக்கும் 22 கருவியின் உச்சவரம்பு. காரின் ஓட்டுநர் அதைத் தமக்குக் கிடைக்கும் வேகமாகப் படிக்கிறார். இரண்டு கன்களைக் கொண்ட 60 கிலோவாட் நிலையங்கள் பலவற்றில், இரண்டாவது கார் வந்து சேர்ந்ததும் ஆற்றல் பங்கிடப்பட்டு முதல் காருக்குப் பாதியே கிடைக்கும். இங்கும் எண் பொய்யன்று. அது யாருடைய எண் என்பது சொல்லப்படவில்லை.

பலகையின் குறை இத்தகையதென்றால், நம்பகத்தன்மையின் குறைக்கு வேர் சட்டச்சொல் ஒன்றில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்சாரத்தை வழங்குவதற்கும் வணிகம் செய்வதற்கும் உரிமம் வேண்டும். மின்னேற்று நிலையம் மின்சாரத்தை விற்கிறதா? அப்படியானால் தெருமுனையில் ஒரு கருவியை நட விரும்பும் சிறு கடைக்காரரும் உரிமம் பெற வேண்டியிருக்கும். இத்தடையை நீக்க, மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரல் 13 அன்று ஒரு விளக்கம் வெளியிட்டது. மின்னேற்றும்போது மின்னாற்றல் மின்கலத்தில் வேதியாற்றலாக மாறுகிறது. ஆகவே அது மின்சார விற்பனையாகாது, சேவையாகும். உரிமம் தேவையில்லை என்பது அதன் சாரம்.

இவ்விளக்கம் இல்லையேல் இந்தியாவில் தனியார் நிலையங்கள் இந்த வேகத்தில் வளர்ந்திரா. அதன் நன்மையை மறுக்க இயலாது. ஆனால் ஒரு சொல்லை மாற்றும்போது அச்சொல்லோடு ஒட்டிவந்த கடமைகளும் மாறுகின்றன. மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமதாரருக்குச் செயல்தரத்தை வகுக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அளிக்கிறது. தரம் தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு. கேரள ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் அத்தகைய செயல்தர விதிமுறைகளை வெளியிட்டது. ஆரியசாலையில் ஒரு வீட்டின் மின்சாரம் தடைப்பட்டால், அதை எவ்வளவு நேரத்துக்குள் சீராக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. அதே தெருவில் ஒரு மின்னேற்றி பல வாரங்கள் செயலற்றுக் கிடந்தால், அது சேவைக் குறைபாடு. பொதுவான நுகர்வோர் சட்டத்தின் வழியே செல்லலாம். பிரிவு 57 அங்கே வந்து நிற்பதில்லை.

அச்சொல்லின் மற்றொரு விளைவு வரியில் தெரிந்தது. மின்சார விற்பனைக்குச் சரக்கு மற்றும் சேவை வரியில் விலக்கு உண்டு. மின்னேற்றம் சேவை என்பதால் 18 விழுக்காடு வரி உண்டு என்று கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் 2023இல், சாமுண்டேஸ்வரி மின்வழங்கல் நிறுவனம் எழுப்பிய வினாவுக்கு விடையளித்தது. நுகர்வோர் சேவைக்குரிய வரியைச் செலுத்துகிறார். மின்சார நுகர்வோருக்குரிய செயல்தரப் பாதுகாப்பை மட்டும் பெறுவதில்லை.

கேரளத்தின் நிலை இதில் சற்று மாறுபட்டது. இங்கே மின்வாரியமே முன்னோடியாக இறங்கியது. 2020 நவம்பரில் அதன் முதல் ஆறு நிலையங்கள் திறக்கப்பட்டன: திருவனந்தபுரத்தில் நேமம், கொல்லத்தில் ஓலை, கொச்சியில் பாலாரிவட்டம், திருச்சூரில் விய்யூர், கோழிக்கோட்டில் நல்லளம், கண்ணூரில் சொவ்வ. ஆரியசாலையிலிருந்து கிள்ளிப்பாலம், கரமனை வழியாகச் சென்றால் நேமம். அதே நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையைக் கடந்து களியக்காவிளை வழியே நாகர்கோவிலுக்குச் செல்கிறது. 2021இல் கோழிக்கோட்டில் மின்கம்பங்களிலேயே சிறு மின்னேற்றிகளைப் பொருத்தும் முயற்சி தொடங்கியது. பின்னர் அது மாநிலமெங்கும் விரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை எட்டியது. இவற்றின் திறன் 3.3 கிலோவாட். இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் உரியவை.

இந்தக் கம்பப் பெட்டியே இவ்வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரியது. நெய்யாற்றின்கரைக்கு அருகில் ஆறாலும்மூட்டில் இயங்கும் அரசு நிறுவனமான கேரள ஆட்டோமொபைல்ஸ் 2019இல் நீம்-ஜி என்ற மின் ஆட்டோவை வெளியிட்டது. சாலைக் கடைத்தெரு போன்ற நெரிசலான வணிகப் பகுதிக்கு ஓசையும் புகையும் இல்லாத ஆட்டோ மிகப் பொருத்தம். சொந்த வீட்டில் கார் நிறுத்துமிடம் உள்ளவருக்குப் பொது மின்னேற்றி பழுதானால் அது ஓர் இடையூறு. வீட்டுக்குச் சென்று மின்னேற்றிக்கொள்வார். வாடகை வீட்டில், சந்துக்குள் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு அந்தப் பெட்டிதான் எரிபொருள். அது செயலற்றால் அன்றைய சவாரிகள் குறையும். கடன் தவணை குறையாது. நம்பகத்தன்மையின்மை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை.

பெட்ரோலுக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடும் இங்கே தெளிவாகிறது. பெட்ரோல் நிலையம் ஒன்றில் இருப்பு இல்லையெனில் அடுத்த நிலையத்துக்குச் செல்லச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே பெட்ரோலின் வரலாற்றில் அளவுக்கு முத்திரை போதுமானதாக இருந்தது. மின்னேற்றத்தில் தேடலுக்கே ஆற்றல் செலவாகிறது. அடைந்த இடத்திலும் வரிசை இருக்கலாம். ஒரு யூனிட்டைச் சரியாக அளக்கும் கருவி இயங்காமல் இருந்தால் அந்தச் சரியான அளவால் எவருக்கும் பயனில்லை. கருவி இயங்குமா என்ற செய்தி அளவையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அச்செய்தியை இப்போது கைப்பேசிச் செயலிகள் சொல்கின்றன. கேரள மின்வாரியத்துக்கு அதன் செயலி, ஒவ்வொரு தனியார் நிறுவனத்துக்கும் தனித்தனிச் செயலி, மாநில எல்லையைத் தாண்டினால் வேறு செயலிகள். நடுவண் அளவில் எரிசக்தித் திறன் செயலகம் 2022 டிசம்பரில் இவி யாத்ரா என்ற தளத்தைத் தொடங்கியது. செயலியில் ஒரு நிலையம் பச்சை நிறத்தில், கிடைக்கிறது என்ற சொல்லோடு தெரிகிறது. அச்சொல்லின் பிறப்பிடம் மின்னேற்றிக்கும் மையக் கணினிக்கும் இடையே உள்ள திறந்த தொடர்பு நெறிமுறை. அதன் 1.6 பதிப்பு ஓர் இணைப்பானுக்கு ஒன்பது நிலைகளை வகுக்கிறது: கிடைக்கிறது, ஆயத்தமாகிறது, மின்னேற்றுகிறது என்று தொடங்கி, பழுது என்பது வரை. இவற்றுள் கிடைக்கிறது என்பதன் பொருள், இணைப்பான் இப்போது எவராலும் பயன்படுத்தப்படவில்லை என்பதே. உடைந்த தாழ்ப்பாளையோ, தேய்ந்த முனையையோ, முன்னால் நிறுத்தப்பட்ட லாரியையோ, பணம் ஏற்காத செயலியையோ அந்நிலை அறியாது. எவரும் பயன்படுத்த முடியாத இணைப்பான் எப்போதும் எவராலும் பயன்படுத்தப்படாமலே இருக்கும். ஆகவே அது எப்போதும் கிடைக்கும். கருவி தன்னைப் பற்றித் தானே தரும் சான்றின் எல்லை இது.

இவ்வெல்லையை அளந்து காட்டிய ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 2022இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் டேவிட் ரெம்பலும் உடன் ஆய்வாளர்களும் 657 சிசிஎஸ் இணைப்பான்களை நேரில் சென்று சோதித்தனர். அவற்றுள் 72.5 விழுக்காடே இயங்கின. நிறுவனங்கள் தாமே அறிவித்துவந்த இயங்குநேரம் அதைவிட மிக உயர்ந்தது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. இயங்குதல் என்ற சொல்லை இரு பொருளில் கையாண்டன. நிறுவனத்துக்கு அது கருவி மையத்தோடு தொடர்பில் இருத்தல். ஓட்டுநருக்கு அது காரில் மின்சாரம் ஏறுதல்.

அதன்பின் சட்டங்கள் அச்சொல்லை வரையறுக்கத் தொடங்கின. அமெரிக்க நடுவண் அரசு 2023இல், தன் நிதியுதவி பெறும் நெடுஞ்சாலை மின்னேற்றிகளுக்கு 97 விழுக்காடு இயங்குநேரத்தை விதித்தது. ஆண்டின் 525,600 நிமிடங்களை அடிப்படையாகக் கொண்ட சூத்திரம் அது. மீதி 3 விழுக்காடு என்பது ஏறத்தாழ 11 நாட்கள். மின்வழங்கல் தடை, சேதப்படுத்தல், இயற்கைப் பேரிடர் போன்றவற்றால் நின்ற நேரம் கணக்கில் சேராது. பிரித்தானியாவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள், 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான மின்னேற்றிகளின் வலையமைப்புக்கு ஆண்டுச் சராசரியாக 99 விழுக்காட்டை 2024 நவம்பரிலிருந்து கட்டாயமாக்கின. கட்டணத்தை ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என ஒரே வடிவில் காட்ட வேண்டும். 24 மணி நேரத் தொலைபேசி உதவி இருக்க வேண்டும். சராசரிக்குள் நெடுநாள் பழுதான ஒரு கருவி மறைந்துகொள்ள இடமுண்டு என்பது உண்மை. எனினும் பொறுப்பாளர் யார், அவர் எந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவை எழுத்தில் வந்துவிட்டன.

பலகையின் மொழிக்கு விடை தேடியது ஐரோப்பா. அங்கே எரிபொருள்களுக்கு 2018இல் பொதுக் குறிகள் வந்தன: பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம், வாயுவுக்குச் சாய்சதுரம். அதே தடத்தில் மின்வாகனங்களுக்கு அறுகோணத்துக்குள் ஓர் எழுத்தைப் பொறிக்கும் தரம் உருவாகி, 2021 மார்ச் முதல் புதிய வாகனங்களிலும் மின்னேற்றிகளிலும் நடைமுறைக்கு வந்தது. டைப் 2 மாற்றுமின்னோட்டத்துக்கு சி. சிசிஎஸ் இணைப்பானில் 50 முதல் 500 வோல்ட் வரை கே. 200 முதல் 920 வோல்ட் வரை எல். அதே எழுத்து காரிலும் இருக்கும், கருவியிலும் இருக்கும். ஓட்டுநர் வோல்ட்டை அறிய வேண்டியதில்லை. எழுத்தோடு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். ஒரே வடிவிலான இணைப்பானுக்கு வோல்ட் எல்லையைக் கொண்டு இரண்டு எழுத்துகள் தரப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. டிசி-001 என்ற பெயர் மறைத்த செய்தி அதுவே.

இந்தியாவிலும் தரப்படுத்தல் முன்னேறியிருக்கிறது. ஐஎஸ் 17017 வரிசைத் தரங்கள் உள்ளன. இலகுரக வாகனங்களுக்கான ஒருங்கிணைந்த இணைப்பானுக்கு 2023இல் தரம் வந்தது. மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நிலையங்களின் எண்ணிக்கையும் வளர்ந்தது: அரசின் கணக்கில் 2024 பிப்ரவரித் தொடக்கத்தில் 12,146; அவ்வாண்டின் இறுதியில் 25,202. ஆனால் நிலையங்களின் எண்ணிக்கை, குறிப்பிட்ட ஒரு நாளில் எத்தனை இணைப்பான்கள் உண்மையில் மின்னேற்றின என்பதைச் சொல்லாது. பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு 95 என்ற எண்ணோடு நின்றிருந்தால் அதன் மதிப்பும் அவ்வளவே. எந்தப் பிரிவுக்கு எத்தனை என்று பிரித்ததும் விதிகளை வகுத்ததும் அந்த எண்ணுக்குப் பொருள் தந்தன.

ஆரியசாலையில் நிற்கும் ஒரு மின்னேற்றியின் பலகையில் எவை இருக்க வேண்டும் என்பதற்கு விடை தொலைவில் இல்லை. இத்தெருவின் வரலாற்றிலேயே இருக்கிறது. எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதைக் காரிலும் கருவியிலும் ஒன்றேபோல் காணும் ஒரு குறி சொல்ல வேண்டும். ஒரு வண்டிக்கு எவ்வளவு, இருவர் சேர்ந்து பயன்படுத்தினால் எவ்வளவு என்ற இரு எண்கள் வேண்டும். கேரளத்தில் மின்னேற்றக் கட்டணம் இப்போது பகலில் குறைவு, மாலைக்குப் பின் மிகுதி. அந்நேரமும் விலையும் எழுதப்பட வேண்டும். கருவியை ஒரு மனிதர் நேரில் வந்து கடைசியாகச் சோதித்த நாள் பொறிக்கப்பட வேண்டும். எடைக்கல்லின் முத்திரை செய்வது அதையே. பழுதானால் அழைக்க வேண்டிய எண்ணும், எத்தனை நாட்களுக்குள் சீராகும் என்ற வரையறையும் வேண்டும். இவை யாவும் அபாயப் பலகைக்கு 1956இல் விதித்தது போல மாவட்டத்தின் மொழியில் இருக்க வேண்டும். இந்த நெடுஞ்சாலையில் அது மலையாளம். களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்.

இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. தேவைப்படுவது 2018 ஏப்ரலில் பிரிக்கப்பட்ட இரண்டை மீண்டும் இணைப்பது: சேவை என்ற பெயரின் எளிமையையும், வழங்குபவர் என்ற பெயரின் பொறுப்பையும். உரிமம் கேட்காமலே செயல்தரத்தைக் கேட்க முடியும். பிரித்தானிய விதிமுறைகள் அதற்குச் சான்று. சாலை என்ற சொல் தன் பழைய பொருளை இழக்கப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. மின்னேற்று நிலையம் என்ற சொல்லுக்குப் பத்து ஆண்டுகள்கூட முழுமையாக ஆகவில்லை. பெட்டியின் முன் ஆட்டோவை நிறுத்திவிட்டு இது இன்று இயங்குமா என்று ஐயுறும் ஓட்டுநருக்கு, அச்சொல் இப்போதே தன் பொருளை இழந்துகொண்டிருக்கிறது.